நாலு கோர், ஒரு ஆக்சிலரேட்டர்: உங்கள் காத்திருப்பு-வரிசை மாடல் எங்கே கவிழ்ந்தது?

வரிசைக்காரன்
எஃப்பிஜிஏ (உள் சர்க்யூட்டை நாமே மாற்றி அமைக்கக்கூடிய சிப்) போர்டு ஒன்று, நாலு பிராசஸர் கோருக்கும் பொதுவாக ஒரே ஆக்சிலரேட்டர், அதாவது ஒரு குறிப்பிட்ட கணக்கை மட்டும் வேகமாகச் செய்யும் சர்க்யூட். 200 மெகாஹெர்ட்ஸில் ஒரு வேலைக்கு 400 கிளாக், அதாவது 2 மைக்ரோசெகண்ட். ஒவ்வொரு கோரும் சராசரியாக 10 மைக்ரோசெகண்ட் தன் வேலையைப் பார்த்துவிட்டு இதனிடம் வரும். நாலும் சேர்ந்தால் 80 சதவீதம் பிஸி என்று எம்/டி/1 வாய்பாட்டில் (ஆள் தற்செயலாக வருவார், வேலை நேரம் மாறாது, கவுண்டர் ஒன்று) போட்டேன். காத்திருப்பு 4 மைக்ரோசெகண்ட் என்றது. இரண்டாவது ஆக்சிலரேட்டர் கேட்டு மெயிலும் தட்டியாச்சு.

போர்டில் அளந்தால் சராசரி 1 மைக்ரோசெகண்ட்கூட இல்லை! வரிசையில் நிற்கிற கோர் புது வேலை அனுப்பாது அல்லவா. வாய்பாட்டிலோ வாசலில் ஆள் வந்துகொண்டே இருக்கும். ஒரு கோருக்கு முன்னால் அதிகபட்சம் மூன்று பேர்தான் நிற்க முடியும். மெஷின் நாலு, மெக்கானிக் ஒருவர் என்ற பழைய ஆலைக் கணக்காக மாற்றிப் போட்டதும், 80 என்று நினைத்தது 63 பக்கம் இறங்கியது.

அரைகிளாக்
எனக்கு நேர் எதிர். சராசரி அழகாக இருக்கும், ஒரு டாஸ்க் மட்டும் டெட்லைனைக் கோட்டை விடும். பொதுவாக வைத்தது ஏஇஎஸ் (தகவலை 16 பைட் பிளாக்குகளாகப் பூட்டும் முறை) சர்க்யூட்: 128 பிட் சாவி, 10 சுற்று, கிளாக்குக்கு ஒரு சுற்று, 100 மெகாஹெர்ட்ஸ். 16 பைட்டுக்கு 0.1 மைக்ரோசெகண்ட். அடுத்து யார் என்று முடிவு செய்யும் ஆர்பிட்டர் ரவுண்ட் ராபின் (முறை வைத்து ஒவ்வொருவராக), ஆகவே எல்லாரும் சமம் என்று மாடலில் எழுதிவைத்தேன். முறை சமம்தான், நேரம்? ஒருத்தர் 4 கேபி பஃபரோடு வந்தால் 256 பிளாக், 25.6 மைக்ரோசெகண்ட். பின்னால் நிற்பவர் கையில் ஒரே 16 பைட். ரேஷன் கடையில் தெருவுக்கே கார்டு கொண்டுவந்தவர் பின்னால் மாட்டிய கதை. சிபிசி முறையில் (ஒவ்வொரு பிளாக்கும் முந்தைய பிளாக்கின் விடையோடு சேர்த்துப் பூட்டப்படும்) பூட்டுவதால் பைப்லைனும் (ஒன்று முடியும் முன்பே அடுத்ததை உள்ளே விடும் அமைப்பு) கைகொடுக்காது, முந்தைய பிளாக் முடிந்தால்தான் அடுத்தது.

16 பிளாக்குக்கு ஒருமுறை வெட்டி அடுத்தவருக்கு வழிவிட்டோம். நிறுத்துகிற இடத்தில் கடைசி சைஃபர் (பூட்டிய) பிளாக்கையும் சாவியையும் எடுத்துவைக்க ரெஜிஸ்டர் கூடியது. அந்த மாற்றுகிற நேரத்தை மாடலில் சேர்க்க மறந்தது தனிக்கதை.

பைப்லைன்பாண்டி
லேட்டன்சியையே (ஒரு இன்புட் உள்ளே போய் விடை வரும் நேரம்) சர்வீஸ் டைமாக (அடுத்தவரை விடும் வரையான நேரம்) மாடலில் போட்ட மகான் நான். 40 கிளாக் பைப்லைன், ஆனால் கிளாக்குக்கு ஒரு புது இன்புட் வாங்கும். த்ரூபுட் (ஒரு கிளாக்கில் முடியும் வேலை) உண்மையில் இருப்பதில் 40-ல் ஒரு பங்கு என்று ஸ்லைடில் பெரிசாகப் போட்டேன். கிளாக்குக்கு ஒன்று வாங்கும்போது 40 கிளாக் ஏன் காத்திருக்கணும் என்று ரிவ்யூவில் ஒரு டிரெய்னிதான் கேட்டான்.

வரிசைக்காரன்
மெயிலை வாபஸ் வாங்கிட்டேன். அரைகிளாக், மாற்றுகிற செலவு எத்தனை கிளாக் வந்தது?

அரைகிளாக்
12. ரெண்டு மாசம் முன்னாடி கேட்டிருக்கக் கூடாதா.