ராயபுரம் ரயில் நிலையம்: போய்ப் பார்க்கவா, ரயில் விடவா?

நீராவி:
சென்னையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் சென்ட்ரலையும் எழும்பூரையும் படம் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ராயபுரத்துக்கு யாரும் அழைத்துப் போவதில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் மனக்குறை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சேவை 1856 ஜூலை 1 அன்று தொடங்கியது அங்கிருந்துதான். ஆற்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வாலாஜா ரோடு நிலையம் வரை ஓடியது. பம்பாயின் போரி பந்தரும் தாணேயும் மூன்று வருடம் மூத்தவை, ஆனால் அவற்றின் முதல் கட்டடங்கள் இன்று கிடையாது. ராயபுரத்துக் கட்டடம் அப்படியே நிற்கிறது. நாட்டில் இன்னும் பயன்பாட்டில் உள்ள நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது அது. அவசியம் போய் வாருங்கள்.

மாம்பலம்வாசி:
குடும்பத்தோடு போயிருந்தேன் சார். செங்காவிச் சுவரும் முகப்பில் உயரமான வெள்ளைத் தூண்களும் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பத்து நிமிடத்தில் பார்த்து முடிந்துவிடுகிறது. அப்புறம் என்ன செய்வது? பிள்ளைகளுக்கு ரயில் வரலாறு காட்ட வேண்டுமென்றால் பெரம்பூர் ஐ.சி.எஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பக்கம் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்கே போகலாமே. பழைய எஞ்சின், பெட்டி எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

நீராவி:
அருங்காட்சியகத்தில் நிற்பது ஓய்வு பெற்ற எஞ்சின். ராயபுரத்தில் நீங்கள் நிற்கும்போதே மின்சார ரயில் வந்து நிற்கும், சீசன் டிக்கெட்காரர்கள் இறங்குவார்கள், துறைமுகச் சரக்கு வண்டி தடதடவென்று கடக்கும். 1856-இல் போட்ட பாதையில் இன்றைக்கும் வேலைக்குப் போகிறார்கள். பத்து நிமிடத்தில் கிளம்பாமல் இரண்டு மூன்று வண்டி போகிற வரை இருந்து பாருங்கள்.

தண்டையார்பேட்டைக்காரன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு பேருமே வேடிக்கை பார்ப்பதைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். அந்த சீசன் டிக்கெட்காரர்களில் நானும் ஒருவன். ராயபுரத்தை முனையமாக்கி வெளியூர் ரயில்களை அங்கிருந்து விடுங்கள் என்று வடசென்னை மக்கள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டோம். நீதிமன்றம் வரை போயாயிற்று. மூன்றாவது முனையம் தாம்பரத்துக்குக் கிடைத்தது. நாங்கள் மூட்டை முடிச்சோடு சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் அலைகிறோம். முதலில் ரயில் விடட்டும், சுற்றுலா தானாக வரும்.

நீராவி:
உங்கள் கோரிக்கை நியாயம்தான். என் பயம் வேறு. முனையம் என்றால் வாகன நிறுத்தம், உணவகம், நடைமேம்பாலம் எல்லாம் வரும். அத்தனை நெரிசலை 1856-இன் கட்டடம் தாங்குமா? மராமத்து என்ற பெயரில் எதையாவது இடித்துவிட்டால் திரும்பக் கட்ட முடியாது.

தண்டையார்பேட்டைக்காரன்:
கட்டடத்தைக் கெடுத்தது நெரிசலா சார்? 1873-இல் சென்ட்ரல் வந்தது. 1907-இல் வண்டிகள் எல்லாம் அங்கே போய்விட்டன. 1922-இல் ரயில்வே தலைமையகமும் சென்ட்ரல் பக்கத்துக்கு மாறியது. ஆள் நடமாட்டம் போன பிறகுதான் இது கேட்பாரற்றுக் கிடந்தது. 2005-இல் புதுப்பித்தார்கள், நல்ல காரியம். ஆனால் வர்ணம் அடித்துப் பூட்டி வைத்தால் மறுபடி பழைய கதைதான். தினமும் ஆள் புழங்கினால்தான் ஓடு உடைந்தாலும் உடனே மாற்றுவார்கள்.

மாம்பலம்வாசி:
இதை ஒப்புக்கொள்கிறேன். பழைய மண்டபத்தை டிக்கெட் வாங்கவும் காத்திருக்கவும் வைத்துக்கொண்டு, புது நடைமேடைகளைத் தள்ளிப் போடலாமே? சுற்றிலும் ரயில்வே நிலம் இருக்கிறதல்லவா?

நீராவி:
முகப்பையும் தூண்களையும் தொட மாட்டோம் என்று முதலில் எழுத்தில் தரட்டும், நானும் உங்கள் மனுவில் கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை இப்போது இருப்பதே மேல்.

தண்டையார்பேட்டைக்காரன்:
அதையும் மனுவில் சேர்த்துவிடலாம் சார், எங்களுக்கும் அது எங்கள் ஊர்க் கட்டடம். ஆனால் "அதுவரை" என்று சொல்லியே ஒரு தலைமுறை போய்விட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. அப்புறம், பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்று: கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி அல்லது அரக்கோணம் வண்டி ஏறுங்கள், அடுத்த நிறுத்தமே ராயபுரம். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாக நிலையத்திலிருந்து கிளம்பும் வண்டிகள் இந்தப் பக்கம் வராது.