பஸ்டர் கீட்டன் விழுவதற்கு எங்கே கற்றார்?

கேள்வி (ஊமைப்படப் பிரியன்):
ஒரு வாரமாக அமெரிக்க ஊமைப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனிதர் எங்கிருந்தெல்லாமோ விழுகிறார். எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடக்கிறார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இவர் சர்க்கஸ்காரரா, நடனக்காரரா?

பதில் (கரணம்):
இரண்டும் கலந்த வாட்வில் பிள்ளை. பாட்டு, மாயவித்தை, கோமாளித்தனம் என்று துண்டு துண்டாக வந்துபோகும் அமெரிக்க மேடை அது. அப்பா ஜோ, காலை வானத்துக்கு வீசி ஆடும் கோணங்கி ஆட்டக்காரர். அம்மா மைரா சாக்ஸபோன் வாசிப்பார். ஊர் ஊராகப் போன வழியில், 1895 அக்டோபர் 4 அன்று, கன்சாஸின் பிக்வா என்ற சிற்றூரில் பிள்ளை பிறந்தான். ஐந்து வயதுக்குள் அவனும் மேடையேற, 'மூன்று கீட்டன்கள்' ஆனார்கள். அப்பாவுக்கு இருப்பது போலவே அவனுக்கும் வழுக்கைத் தலை விக், ஒட்டுத் தாடி. மகன் குறும்பு செய்வான், அப்பா தூக்கி எறிவார்: திரைச்சீலை மேல், சில நாள் வாத்தியக்காரர்கள் மேல். எறிய வசதியாக அவன் உடையின் முதுகில் பெட்டிக் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள்.

நான் இருபது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கரணம் கற்றுக்கொடுத்தவன். கையைப் பிடித்து வீசினால் தோள்மூட்டு நழுவிவிடும். முதுகைப் பிடித்தால் கை கால் நான்கும் விழுவதற்குத் தயாராக இருக்கும். உடலைத் தளர்த்தி, கையாலோ காலாலோ வேகத்தைக் குறைப்பதுதான் ரகசியம் என்று கீட்டனே சொல்லியிருக்கிறார். என்னிடம் மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர்கள் எல்லாம் பயத்தில் விறைத்தவர்கள்.

பதில் (அந்தி):
கைப்பிடிக்கு நீங்கள் வக்காலத்து வாங்குகிறீர்கள் ஐயா! நியூயார்க்கில் குழந்தைகள் பாதுகாப்புச் சங்கம் அவர்களை விடாமல் துரத்தியது. காயம் இருக்கிறதா என்று பையனின் சட்டையைக் கழற்றியே பார்த்திருக்கிறார்கள். அப்பா குடிகாரர் வேறு.

பதில் (கரணம்):
குடி விஷயத்தில் மறுப்பில்லை. எறிபவரின் கை அரை நொடி பிசகினால் விழுபவன் என்ன செய்வான்? 1917இல் மகனும் தாயும் ஜோவை விட்டு விலகியதற்கு அதுவே காரணம். அதன் பிறகு கீட்டன் வாரம் 250 டாலர் தருவதாக இருந்த மேடை ஒப்பந்தத்தை உதறிவிட்டு, 40 டாலருக்கு நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளின் படங்களில் சேர்ந்தார். சிரிக்காத முகமும் மேடைச் சரக்குதான். தான் சிரித்தால் கூட்டம் குறைவாகச் சிரிக்கிறது என்பதைச் சிறுவயதிலேயே கண்டுகொண்டார்.

கேள்வி (ஊமைப்படப் பிரியன்):
அப்படியானால் அவருக்கு அடியே பட்டதில்லையா?

பதில் (கரணம்):
1924இல் வந்த 'ஷெர்லாக் ஜூனியர்' பாருங்கள். ரயில் நிலையத் தண்ணீர்த் தொட்டியின் குழாயில் தொங்குவார். தண்ணீர் கொட்டும் வேகத்தில் கீழே விழுந்து, கழுத்து தண்டவாளத்தில் மோதும். எழுந்து ஓடிவிடுவார். அந்தக் கழுத்தெலும்பு முறிந்திருந்ததை ஒரு டாக்டர் எக்ஸ்ரேயில் கண்டுபிடித்தது பல ஆண்டுகள் கழித்து.