தேயிலையிலும் சோலையிலும் கேட்ட வௌவால்கள்

வால்பாறையில் கழித்த இரண்டு இரவுகளைப் பற்றி எழுதுகிறேன். கருவி கொண்டு வௌவால்களைக் கணக்கெடுக்க விரும்புவோருக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

பூச்சியுண்ணும் சிறு வௌவால்கள் வழியறிய எழுப்பும் ஒலி பெரும்பாலும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதால், அது நம் காதுக்கு எட்டுவதில்லை. கையில் பிடிக்கும் டிடெக்டர், நாம் திருகி வைக்கும் அதிர்வெண்ணை ஒட்டிய ஒலியை மட்டும் கேட்கும்படி மாற்றித் தருகிறது. முதல் நாள் அதை 40 கிலோஹெர்ட்ஸில் வைத்துக்கொண்டு, தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்கு அருகே ஒரு தெருவிளக்கின் அடியில் நின்றேன். இடைவிடாமல் 'டக் டக்' என்று கேட்டது. பூச்சியை நெருங்கும் கணத்தில் அந்தத் தட்டல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, துணி கிழிவதைப் போலச் 'சர்ர்' என்று முடிந்தன. மறுநாள், உரிய அனுமதியோடும் யானை நடமாட்டம் அறிந்த ஒருவரின் துணையோடும், ஆற்றங்கரையில் எஞ்சியிருந்த சோலையின் ஓரத்தில் அதே நேரத்தில் நின்றபோது ஏறக்குறைய ஒன்றுமே கேட்கவில்லை. தேயிலையில் வௌவால் மிகுதி, சோலையில் குறைவு என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

அது தவறு என்பது, மரத்தில் கட்டி வைத்திருந்த ஆடியோமாத் என்னும் தானியங்கி ஒலிப்பதிவுக் கருவியின் பதிவுகளைக் கணினியில் திறந்தபோதுதான் புரிந்தது. நொடிக்கு 3,84,000 மாதிரிகள் வரை எடுக்கக்கூடிய அந்தக் கருவி, நான் 40இல் நின்றதால் தவறவிட்டவற்றையும் பிடித்திருந்தது. ஒலியின் அதிர்வெண்ணைக் கோடுகளாகக் காட்டும் திரையில், சோலைப் பதிவில் 80க்கும் 90க்கும் இடையே, நடுவில் தட்டையாக ஓடி முனைகளில் வளையும் கோடுகள் தெரிந்தன. அவை குதிரை லாட வௌவால்கள். அவ்வளவு உயர்ந்த ஒலி ஈரக்காற்றில் சில மீட்டர் தொலைவுக்குள்ளேயே தேய்ந்துவிடும். 40ஐ ஒட்டிய ஒலியோ அதைவிட வெகு தொலைவிலிருந்தும் வந்து சேரும். தெருவிளக்கின் அடியில் நான் எண்ணிய கடப்புகளும் (வௌவால் ஒன்று கருவியைக் கடந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கடப்பு), ஓரிரு வௌவால்கள் திரும்பத் திரும்பச் சுற்றியதால் கூடியவையாக இருக்கலாம். கடப்புகளின் எண்ணிக்கை நடமாட்டத்தைக் காட்டுமே தவிர, தலைகளின் எண்ணிக்கையைக் காட்டாது.

வால்பாறையில் வலைபிடிப்பையும் ஒலிப்பதிவையும் சேர்த்து நடத்தி வெளியிடப்பட்ட ஆய்வும் இதையே உறுதிப்படுத்துகிறது. சோலைத் துண்டுகளிலும் நிழல்மரக் காப்பித் தோட்டங்களிலும் வௌவால்களின் பல்வகைமை பாதுகாக்கப்பட்ட காட்டுக்கு நெருக்கமாக இருக்க, தேயிலையில் அது வெகுவாகக் குறைந்திருந்தது. அகலச் சிறகும் குதிரை லாட வௌவாலுடையதைப் போல ஒரே அதிர்வெண்ணில் தட்டையாக ஓடும் ஒலியும் கொண்ட காட்டு வௌவால்களே தேயிலையில் முதலில் மறைகின்றன. ஆனால் தேயிலைக்கு நடுவே ஆற்றோரமாக மரங்களை விட்டுவைத்த இடங்களில் இழப்பின் பெரும்பகுதி ஈடாகியிருந்தது. அந்த ஆற்றோர மரங்களை வெட்டாமல் காப்பது எத்தனை பெரிய காரியம் என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

வாசகர் ஒருவரின் மறுமொழி: மேலே எழுதிய அன்பருக்கு நன்றி. மதுரைக்கு அருகே ஒரு பாறைக் குகையின் வாயிலில் எனக்கும் இதே போன்ற அனுபவம் நேர்ந்தது. அந்தி மங்கியதும் இலைமூக்கு வௌவால்கள் கண்ணெதிரே வெளியேறிக்கொண்டிருந்தன. 45இல் இருந்த என் டிடெக்டர் மௌனமாகவே இருந்தது. திருகை 130 வரை கொண்டு சென்ற பின்னரே அவற்றின் சீழ்க்கை ஒலித்தது, அதுவும் மிக அருகில் பறந்தவற்றுடையது மட்டும். பழந்தின்னி வௌவால்களை இக்கருவிகளால் கணக்கெடுக்க இயலாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குகையில் தங்கும் ஓர் இனம் நாக்கைச் சொடுக்கி ஒலியெழுப்புவதைத் தவிர, மற்றவை கண்ணையும் மூக்கையும் நம்பியே பறக்கின்றன. அவற்றுக்காக நான் இப்போது அத்திமரத்தடியில் விழுந்து கிடக்கும் சக்கைகளைத் தனியே குறித்து வருகிறேன்.