புதுப்பிப்பு: நைலான் 66 துப்பாக்கிக்கு எண்ணெய் எங்கே போடணும்?

ரெமிங்டன் நைலான் 66 பற்றிய போன இழையில், போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கிற, முன்னும் பின்னும் ஓடுற துண்டு) மந்தமா நகருதுன்னு கேட்டிருந்தீங்க. பெரும்பாலும் எண்ணெய்தான் காரணமுங்க.

1959-ல வந்த இந்த .22 ரைபிளோட கட்டையும் ரிசீவரும் (போல்ட் உள்ளே ஓடுற நடுக்கூடு) டூபான்ட் கம்பெனியின் ஸைடெல்ங்கிற நைலான். போல்ட் அந்த நைலான் தடத்துலேயே வழுக்கி ஓடும், எண்ணெய் வேண்டாம். போட்டா பல்லடம் பக்கத்துக் காத்துல வர்ற புழுதியும் வெடிமருந்துக் கரியும் சேர்ந்து களியாயிடும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, மார்கழிக் குளிருல உறைஞ்சிடும்.

முதல்ல பின்கட்டையில இருக்கிற 14 தோட்டாக் குழாயை உருவி, சேம்பர் (தோட்டா வெடிக்கிற அறை) காலின்னு கண்ணால பாருங்க. போல்ட் கைப்பிடியை வெளியே இழுத்துட்டு, ரெண்டு திருகைக் கழட்டி ரிசீவர் மேல இருக்கிற மூடியை மெதுவா தூக்குங்க. எஜெக்டர் (காலித் தோட்டாவை வெளியே தள்ளுறது) தனித் துண்டு, நழுவி விழுந்துடும். கீழே வெள்ளைத் துணி விரிச்சுக்குங்க. போல்ட் இல்லாதப்ப ட்ரிக்கரைத் தொடாதீங்க, ஹேமர் (சுடும்போது அடிக்கிற சுத்தியல் துண்டு) ஸ்பிரிங்கோட தெறிச்சிடும்.

தடத்தை உலர்ந்த துணியால துடைச்சாப் போதும். மூடியும் பேரலும் (குண்டு போற குழாய்) இரும்பு, அதுக்கு மட்டும் மெல்லிசா எண்ணெய் தடவுங்க. இவ்வளவு கம்மியா பராமரிப்பு கேக்கிற அருமையான துப்பாக்கி, முழுசாப் பிரிச்சுக் கெடுத்துடாதீங்க.