ஹோம் கட்டணுமா, இல்ல பிள்ளைய வீட்டுலயே வச்சு பாக்க வழி பண்ணணுமா? மூணு சபை சேர்ந்து யோசிக்கிறோம், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

நாங்குநேரிக்காரன்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் நாங்குநேரி பக்கம் ஒரு சேகரத்துல (பல ஊர் சபைங்க சேர்ந்தது) கமிட்டி மெம்பர். ரெண்டு மாசமா ஒரு விஷயம் மனசைப் போட்டு அரிச்சிக்கிட்டே இருக்கு, அதான் இங்க கேக்குதேன்.

எங்க ஊர்க்காரர் ஒருத்தர் வெளிநாட்டுல இருக்காரு. அவங்க அம்மை நினைவா ஒரு ஹோம் கட்டணும், அனாதைப் பிள்ளைங்க ஒரு முப்பது பேரை வச்சுப் பாக்கணும், பணம் நான் தாரேன், இடம் மட்டும் சபை குடுத்தா போதும்னு சொல்லிவிட்டிருக்காரு. நல்ல மனசு, அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. கமிட்டில எல்லாருக்கும் சந்தோஷம், கோயிலுக்குப் பின்னால கிடக்க இடத்தை டேப்பு வச்சு அளந்தே பாத்துட்டோம்.

அப்பதான் எங்க ஐயர், எங்க சபைப் போதகரை அப்படித்தான் சொல்லுவோம், ஒண்ணு கேட்டாவ. "சரி, அந்த முப்பது பிள்ளைங்க யாரு, பேரைச் சொல்லுங்க பாப்போம்"னாவ. உக்காந்து ஊர் ஊரா எழுதுனோம். பதினாறு பேருக்கு மேல எழுத முடியல. அதுல தாய் தகப்பன் ரெண்டும் இல்லாதது ரெண்டே ரெண்டு, அதுங்களும் ஆச்சி கூடத்தான் இருக்கு. மத்த பதினாலுக்கும் அம்மா இருக்கா. புருஷன் செத்தவ, இல்லன்னா குடிச்சிட்டு வீட்டைத் திரும்பிப் பாக்காதவனுக்கு வாக்கப்பட்டவ, பீடி சுத்தி வாழைத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போயி எப்படியோ தள்ளுதா. அவ கையில காசு இல்ல, அது ஒண்ணுதான் குறை.

ஒரு பயலைப் பத்தி சொல்லணும். எங்க தெருதான், ஒன்பது வயசு. அவங்க அப்பா லாரி ஆக்சிடென்ட்ல போனதும் வேற ஜில்லாவுல ஒரு ஹோம்ல சேத்தாச்சு, அதுக்கு லெட்டர் எழுதிக் குடுத்ததே எங்க சபைதான். பரீட்சை லீவுக்கு வந்திருந்தான். நான் அரிசி குடுக்கப் போயிருந்தேன். அவங்க அம்மா பீடித்தட்டை மடில வச்சுக்கிட்டே "சோறு சட்டில இருக்கு, போட்டுச் சாப்புடுல"ங்கா. இவன் தட்டைக் கழுவி எடுத்துட்டு வந்து அடுப்படி வாசல்ல செவுத்தோரமா நிக்கான். நிக்கான், நிக்கான், உள்ள போக மாட்டேங்கான். யாராவது வந்து ஜெபம் பண்ணி, இனி போடலாம்னு சொல்லணும்னு காத்து நிக்கான். தன் வீட்டுச் சட்டில கை வைக்கத் தெரியல அந்தப் பயலுக்கு. அவ கத்திரியக் கீழ போட்டுட்டு எந்திரிச்சு வந்து அவன் கையைப் பிடிச்சு அகப்பைல வச்சா, ஒண்ணும் பேசல. நான் அரிசிப் பையை அங்கனயே வச்சிட்டு வந்துட்டேன், அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல.

இதை ஐயர்ட்ட சொன்னேன். அவுக ஆர்.சி. கோயில் ஃபாதரையும் பக்கத்து ஊர் பெந்தேகோஸ்தே பாஸ்டரையும் கூப்பிட்டுப் பேசினாவ. எங்க பக்கம் இந்த மூணு பேரும் ஒரே பெஞ்சில உக்காந்தா கிறிஸ்துமஸ் ஐக்கிய ஆராதனை, இல்லன்னா ஒரு துக்க வீடு, அவ்வளவுதான். இப்ப மூணு பேரும் ஒரே வார்த்தையா ஹோம் வேண்டாம், பிள்ளைங்களை அததுங்க வீட்டுலயே வச்சுத் தாங்குவோம்ங்காவ. நல்லதுதான், ஆனா எப்படி? சட்டப்படி சபை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது? பணம் தாரேன்னவருக்கு மனசு நோகாம எப்படிச் சொல்ல?

பாளை ரிட்டயர்டு வார்டன்:

தம்பி, நான் பாளையங்கோட்டைல பொம்பளைப் பிள்ளைங்க போர்டிங்ல இருபத்தாறு வருஷம் வார்டனா இருந்தவ. போர்டிங்க யாராவது குறை சொன்னா எனக்கு முதல்ல கோவம்தான் வரும். எங்க அம்மா போர்டிங்ல படிச்சு டீச்சர் ஆனவங்க. அந்தக் காலத்துல ஊர்ல அஞ்சாம் வகுப்போட சரி, மேல படிக்கணும்னா பாளைக்கோ நாசரேத்துக்கோ மெஞ்ஞானபுரத்துக்கோதான் வரணும், பஸ்ஸு கிடையாது, போர்டிங் மட்டும் இல்லன்னா எத்தனை பனையேறி வீட்டுப் பிள்ளைங்க டீச்சரும் நர்சும் ஆகியிருக்கும்? அதை யாரும் மறக்கக் கூடாது.

ஆனா அது படிப்புக்குன்னு வச்ச இடம். பின்னால நாம என்ன பண்ணோம்னா, வீட்டுல கஷ்டமா, கொண்டு போர்டிங்ல விடு, புருஷன் செத்துட்டானா, கொண்டு ஹோம்ல விடுன்னு எல்லாத்துக்கும் அதையே மருந்தாக் குடுக்க ஆரம்பிச்சோம். இப்ப பக்கத்துலயே ஹைஸ்கூல் இருக்கு, பஸ் பாஸ் இருக்கு, 2022லருந்து கவர்மெண்ட் பிரைமரி ஸ்கூல்ல காலைச் சாப்பாடு கூட போடுதாங்க. சோத்துக்கும் படிப்புக்கும் பிள்ளைய அம்மாகிட்ட இருந்து பிரிக்க வேண்டிய அவசியம் முன்ன மாதிரி இல்ல.

அறுபது பிள்ளைக்கு நான் ஒருத்தி. காய்ச்சல்னா மாத்திரை குடுப்பேன், கஞ்சி வச்சுக் குடுப்பேன், பக்கத்துல உக்காந்து தலையக் கோதிவிட நேரம் இருக்காது. புதுசா வார பிள்ளைங்க டிரங்குப் பெட்டில அம்மாவோட பழைய சேலை ஒண்ணு கொண்டு வரும், அதை மடிச்சு தலைக்கு வச்சுத்தான் படுக்கும். ஒரு பிள்ளை அந்தச் சேலையத் துவைக்கவே விடல. சனிக்கிழமை துவைக்கையில எல்லாத்தையும் போடுவா, அதை மட்டும் முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வச்சுக்கிடுவா. சோப்பு போட்டா வாசம் போயிருமாம். ஒரு வருஷம் அப்படியே இருந்துச்சு அந்தச் சேலை. நான் அதட்டியிருக்கேன், இப்ப நினைச்சா கஷ்டமா இருக்கு.

உங்களுக்குப் பக்கத்துலதான டோனாவூர். 1901ல ஏமி கார்மைக்கேல் அம்மா அங்க பிள்ளைங்க இல்லம் ஆரம்பிச்சப்பவே வீட்டு முறை மாதிரிதான் வச்சாங்க, பாத்துக்கிடுத நம்ம பெண்களை அக்கா, வெள்ளைக்கார அம்மாமாரை சித்தி, ஏமியை அம்மான்னுதான் பிள்ளைங்க கூப்பிடும். இந்துக் கோயிலுக்குன்னு விடப்பட்ட பிள்ளைங்க அது, திரும்பிப் போக வீடு இல்ல, அதனால வீடு மாதிரி ஒண்ணைக் கட்டுனாங்க. உங்க பதினாறு பிள்ளைக்குத்தான் வீடே இருக்கே தம்பி.

களப்பணி நெல்லை:

அண்ணாச்சி, நான் குழந்தைகள் பாதுகாப்பு வேலைல கொஞ்ச வருஷம் ஊர் ஊரா அலைஞ்சவன். முதல்ல ஒண்ணு, எந்தப் பிள்ளையையும் சபையா முடிவு பண்ணி இன்னொரு வீட்டுல கொண்டு விட்டுராதீங்க, பிள்ளை இல்லாத தம்பதிக்கு சும்மா எழுதிக் குடுக்கதும் கூடாது, தத்தெடுப்பு முறைப்படி போகாம செஞ்சா மூணு வருஷம் வரை ஜெயில் இருக்கு. ஆதரவு இல்லாத பிள்ளைய எங்கயாவது கண்டா 1098க்கு, அதான் குழந்தைகள் உதவி நம்பர், போன் பண்ணுங்க, 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக்குழு (பிள்ளைங்க விஷயத்துல முடிவு பண்ண மாவட்டத்துல உள்ள அரசுக் குழு) முன்னால கொண்டு வரணும். ஹோம் விஷயத்துலயும் 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு பண்ணியே ஆகணும், பதிவு இல்லாம நடத்துனா ஒரு வருஷம் வரை ஜெயில், இல்ல ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், ரெண்டும் சேர்த்தும் வரலாம். அதே சட்டத்துல 3வது பிரிவே சொல்லுது, பிள்ளையப் பாக்கது முதல்ல குடும்பத்தோட பொறுப்பு, இல்லத்துல சேக்கது கடைசி வழின்னு. உங்க ஐயர் கேட்ட கேள்வியத்தான் சட்டமும் கேக்குது.

இப்ப உங்களுக்கு வேண்டியது. மத்திய அரசோட மிஷன் வாத்சல்யா குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்துல ஸ்பான்சர்ஷிப்னு மாசம் 4000 ரூபா ஒரு பிள்ளைக்கு. விதவை, கணவன் கைவிட்டவங்க பிள்ளைங்க, அப்பா அம்மா இல்லாம சொந்தக்காரங்க கூட இருக்க பிள்ளைங்க, பெத்தவங்களுக்குப் பெரிய நோய் உள்ள பிள்ளைங்க எல்லாம் கேக்கலாம். குடும்ப வருமானம் கிராமத்துல வருஷம் 72,000, டவுன்ல 96,000க்குள்ள இருக்கணும். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல மனு குடுக்கணும். பிள்ளை வீட்டுல இருந்து ஸ்கூலுக்குப் போகணும், ஹாஸ்டல்ல சேத்தா உதவி நின்னுரும், அதை அம்மாமார்ட்ட நல்லாச் சொல்லிருங்க. இது போக தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர்ல அன்புக்கரங்கள்னு ஆரம்பிச்சது, தாய் தகப்பன் ரெண்டு பேரையும் இழந்த பிள்ளைக்கும், ஒருத்தரை இழந்து இன்னொருத்தர் பாக்க முடியாத நிலைல இருக்க பிள்ளைக்கும் மாசம் 2000. உங்க ஆச்சி வீட்டுப் பிள்ளைங்க ரெண்டுக்கும் இதைக் கண்டிப்பா கேளுங்க.

இதெல்லாம் பேப்பர்ல இருக்கு, ஆனா கிடைக்காமப் போறதுக்குக் காரணம் சர்டிபிகேட்தான். புருஷன் இறப்புச் சான்று எடுத்திருக்க மாட்டா, ஓடிப்போனவனுக்கு எதை எடுக்க, கைவிடப்பட்ட பெண் சான்று ஒண்ணு இருக்குன்னே அவளுக்குத் தெரியாது, இ-சேவைக்குப் போனா அன்னைக்குக் கூலி போச்சு. உங்க சபைல படிச்ச பிள்ளைங்க ரெண்டு பேரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஃபைலை வச்சுக்கிட்டு கோயில் திண்ணைல உக்காந்தா போதும், பாதி வேலை முடிஞ்சுது. மனு பாஸாகி பணம் வர நாளாகும், அதுவரைக்கும் சபை தாங்கட்டும், வெளிநாட்டுக்காரர் பணம் அங்கதான் தேவைப்படும்.

அந்தப் பயலையும் டக்குனு கூட்டிட்டு வந்துராதீங்க. அவங்க அம்மா குழந்தைகள் நலக்குழுட்ட மனு குடுத்து, அவங்க உத்தரவோடதான் வரணும்.

திசையன்விளை பையன்:

நான் ஹோம்ல வளர்ந்தவன், நாலு வயசுலருந்து பத்து வயசு வரைக்கும். எங்கன்னு சொல்ல வேண்டாம்னு பாக்கேன். நீங்க எல்லாரும் சொல்லுதது சரி, ஆனா என் கதையையும் கேட்டுக்கிடுங்க. ஹோமை மூடும்போது எங்களை ஒரே வாரத்துல சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நான் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். முதல் மாசம் நல்லாத்தான் பாத்தாங்க. அப்புறம் காலைல கடைய நான்தான் திறக்கணும், மூட்டை இறக்கணும், ஸ்கூலுக்கு மத்தியானம் போவேன், சில நாள் போகவே மாட்டேன். ராத்திரி கடைலதான் படுக்கை. எட்டு மாசத்துல ஒருத்தர் கூட வந்து எப்படில இருக்கன்னு கேக்கல. ஹோமோ, கோயிலோ, ஆபீஸோ, யாரும் வரல. கேக்க வந்திருந்தா எல்லாத்தையும் சொல்லியிருப்பேன், தினமும் சொல்லிப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் மனசுக்குள்ள.

கடைசில அம்மாவோட அக்கா, என் பெரியம்மா, கேள்விப்பட்டு வந்து கூட்டிட்டுப் போனாங்க. அவங்களுக்கே மூணு பிள்ளை, ஒத்த அறை வீடு. அந்த வீட்டுலதான் நான் மனுஷன் ஆனேன். அதனால வீடு வேணும், ஆனா எந்த வீடுன்னு பாருங்க. பணம் குடுத்தா போதும்னு இருந்துராதீங்க. மாசத்துக்கு ஒரு தடவையாவது போங்க, பிள்ளைட்ட தனியாப் பேசுங்க, பெரியவங்க பக்கத்துல நிக்கும்போது கேட்டா பிள்ளை நல்லா இருக்கேன்னுதான் சொல்லும்.

இன்னொண்ணு, ரேஷன் கார்டுல பேரு இருக்கான்னு பாருங்க. எனக்கு எந்தக் கார்டுலயும் பேரு இல்லாமலே பதினெட்டு வயசு ஆயிருச்சு, காலேஜ்ல சேரப் போகும்போதுதான் தெரிஞ்சுது.

முக்கூடல் பக்கத்து ஊழியக்காரன்:

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் ஒரு சின்ன பெந்தேகோஸ்தே சபை பாஸ்டர். எங்க பக்கமும் பீடிக் குடும்பங்கதான் ஜாஸ்தி, நாங்க ரெண்டு வருஷமா ஆர்.சி. சிஸ்டர்ஸ் கூடவும் சி.எஸ்.ஐ. பெண்கள் ஐக்கிய சங்கம் கூடவும் சேர்ந்து ஒம்பது குடும்பத்தைத் தாங்கிக்கிட்டு வரோம். ஆரம்பத்துல நடந்த சண்டைய உள்ளபடி சொல்லுதேன், எங்க சபை விசுவாசியோட பிள்ளை வீட்டுக்கு சிஸ்டர் போனா எனக்கு உறுத்தும், அவங்க வீட்டுக்கு நான் போனா அவங்களுக்கு உறுத்தும், ஆள் பிடிக்க வந்துட்டாங்கன்னு பேச்சு வரும். ரெண்டு மாசம் இதுலயே போச்சு. அப்புறம் ஒரு ராத்திரி உக்காந்து பேசி முடிவு பண்ணோம். எந்த வீட்டுக்குப் போனாலும் வேற சபைல உள்ள ரெண்டு பேரு சேர்ந்துதான் போகணும், சபைக்கு வான்னு கூப்பிடக் கூடாது, உதவிக்கு அது நிபந்தனை ஆகவே கூடாது. ஒம்பதுல மூணு இந்துக் குடும்பம், அவங்க சாமி கும்பிடுததுல எங்களுக்கு ஒரு பேச்சும் கிடையாது. யாக்கோபு நிருபத்துல திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிக்கணும்னுதான் இருக்கு, எந்த சபைப் பிள்ளைன்னு பிரிச்சுப் போடலையே.

நோட்டு ஒண்ணே ஒண்ணுதான் வச்சிருக்கோம், மூணு சபைக்கும் சேர்த்து. யாரு எப்ப போனாங்க, பிள்ளை ஸ்கூலுக்குப் போச்சா, உடம்பு எப்படி, அம்மா என்ன சொன்னாங்க. பிரசங்கத்துல பேரு சொல்லக் கூடாது, மேடைல ஏத்திப் பை குடுத்து போட்டோ எடுக்கக் கூடாது. ஒரு அம்மா சொன்னா, "பாஸ்டர், அரிசி இல்லாம கூட இருந்துருவேன், எம்பிள்ளை போட்டோவ ஊர் பூரா பாக்க வேண்டாம்"னு. அன்னைக்கோட நிறுத்திட்டோம்.

நாங்குநேரிக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. திசையன்விளை தம்பி எழுதுனதை ஐயர், ஃபாதர், பாஸ்டர் மூணு பேருக்கும் வாசிச்சுக் காமிச்சேன். மாசம் ஒரு தடவை போறது, தனியாப் பேசுறது, அதை முதல் வேலையா எழுதி வச்சாச்சு. வார்டன் அக்கா சேலைக் கதைய வாசிச்சிட்டு எங்க ஐயரம்மா எந்திரிச்சு உள்ள போயிட்டாவ.

வெளிநாட்டுல இருக்கவர்ட்ட போன்ல பேசுனேன். முதல்ல வருத்தப்பட்டாரு, அம்மை பேருல ஒரு கட்டடம் நிக்கும்னு நினைச்சேனேன்னாரு. நான் அந்தப் பய தட்டோட நின்னதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் அவராவே சொல்லுதாரு, "எங்க அம்மையும் செத்துப்போன தங்கச்சி பிள்ளைங்க ரெண்டை எங்க கூடப் போட்டுத்தான் வளர்த்தா, நாங்க அஞ்சு பேரும் ஒரே பாயில படுப்போம்"னு. ரெண்டு வருஷத்துக்குத் தாரேன், கட்டடம் வேண்டாம்னுட்டாரு. கோயில் பின்னால அளந்த இடத்துல ஒரு ஷெட்டு மட்டும் போட்டு சாயங்காலம் டியூஷன் வைக்கலாம்னு இருக்கோம், அதுக்கு அவங்க அம்மை பேரு.

பய விஷயமா வர்ற செவ்வாய்க்கிழமை அவங்க அம்மாவும் எங்க ஐயரும் நலக்குழுக்கு முன்னால போறாவ. இங்க ஸ்கூல்ல சேக்க ஹெட்மாஸ்டர் சரின்னுட்டாரு. களப்பணி தம்பி, நீங்க எல்லாம் சொன்ன பிறகு ரேஷன் கார்டை எடுத்துப் பாத்தா அவன் பேரு அதுல இல்ல. திரும்பச் சேக்க என்னென்ன கொண்டு போகணும்?

களப்பணி நெல்லை:

பையன் ஆதாரும் பிறப்புச் சான்றும், அம்மாவோட கார்டும் எடுத்துக்கிட்டு இ-சேவை மையத்துக்குப் போங்க அண்ணாச்சி. செவ்வாய்க்கிழமை போறதுக்கு முன்னாலயே குடுத்துருங்க, அந்த ரசீதையும் கையில கொண்டு போகட்டும்.