மருத்துவத்துக்கு முந்தைய இளங்கலையில் ஒரு பருவம் வெளிநாட்டில்: ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் இளங்கலை இரண்டாம் ஆண்டு உயிரியல் படிக்கும் என் மகள், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் எண்ணத்தில் இருக்கிறாள். இடையில் ஒரு பருவம் ஸ்பெயினில் படிக்கவும் விரும்புகிறாள். கரிம வேதியியலும் இயற்பியலும் ஆய்வகத்துடன் இரண்டு பருவங்கள் தொடர்ந்து படிக்க வேண்டியவை என்பதாலும், வெளிநாட்டில் படித்த அறிவியல் பாடங்களைப் பல மருத்துவக் கல்லூரிகள் ஏற்பதில்லை என்பதாலும், அங்கே ஸ்பானிய மொழி, சமூகவியல் போன்றவற்றை மட்டும் எடுப்பதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. 2015 முதல் எம்கேட் (MCAT) என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் உளவியலும் சமூகவியலும் கேட்கப்படுவதால் அந்தப் படிப்பு வீணாகாது.

குழப்பமெல்லாம் காலத்தில்தான். பட்டம் முடித்த கையோடு சேர்வதென்றால், மூன்றாம் ஆண்டு முடியும் கோடையிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் உயிர்வேதியியலைப் படித்து எம்கேட்டும் எழுதியாக வேண்டும். மூன்றாம் ஆண்டின் முதல் பருவத்தில் அனுப்புவதா, கோடைக்காலத் திட்டத்தோடு நிறுத்திக்கொள்வதா, ஓராண்டு இடைவெளி விட்டு விண்ணப்பிப்பதா? (இடைவெளி என்றதும் ஊரில் உறவினர்கள் பதறுகிறார்கள், இங்கே அது வழக்கம்தான்.)

இவ்வழியில் பிள்ளைகளை அனுப்பியவர்கள், எந்தப் பாடங்களை எந்தப் பருவத்துக்கு மாற்றினீர்கள் என்பதையும், வெளிநாட்டு மதிப்பெண்கள் சொந்தக் கல்லூரியின் மதிப்பெண் பட்டியலில் எவ்வாறு பதிவாயின என்பதையும் தெரிவித்தால் பெரிதும் உதவியாக இருக்கும்.