மைக்கைத் திறக்க யாருக்கு உரிமை?

தாளம்77: நேரலை உடற்பயிற்சி செயலியில் மியூட் வசதி வரப்போகிறதாம். பயிற்சியாளர் மற்றவர்களை மியூட் செய்யலாம், ஆனால் திறக்க முடியாதாம். இது பாதி வசதி. வகுப்பு நடத்துகிறவரிடம் இரண்டுமே இருக்க வேண்டும்.

நிரலி: இருக்கக் கூடாது. என் வீட்டு மைக்கைத் திறக்க நீங்கள் யார்? மூடினால் வகுப்புக்கு அமைதி. திறந்தால் என் அறையில் நடக்கும் பேச்செல்லாம் முன்பின் தெரியாதவர்கள் காதில் விழும்.

தாளம்77: ஒட்டுக்கேட்க இங்கே யாருக்கும் நேரமில்லை. கைகளைத் தரையில் ஊன்றி உடலை நேராகத் தாங்கும் பிளாங்கில் இருப்பவரை "சத்தமாக எண்ணுங்கள்" என்றால், அவர் எழுந்து வந்து திரையைத் தொட வேண்டுமா? வகுப்பு எடுப்பவர்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் தெரியும்.

நிரலி: எழுந்து வரட்டும், அல்லது எண்ணாமல் இருக்கட்டும். ஜூமில்கூட நடத்துபவர் திறக்கச் சொல்லிக் கேட்கத்தான் முடியும். ஒப்புக்கொள்வது பங்கேற்பாளர் கையில்.

காலைவெயில்: ஜூமில் முன்கூட்டியே சம்மதம் கொடுத்து வைக்கும் வழியும் உண்டு. அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டீர்கள்.

நிரலி: அந்தச் சம்மதத்தையும் கொடுப்பது பங்கேற்பாளர்தானே? நான் சொல்வதும் அதேதான். என்னைக் கேட்காமல் என் மைக்கைத் திறக்கக் கூடாது.

மணிக்கட்டு: மியூட் எங்கே நடக்கிறது என்று முதலில் பாருங்கள். சர்வரில் மட்டும் தடுத்தால் குரல் மற்றவர்களுக்குப் போகாது, ஆனால் சர்வர் வரை போய்க்கொண்டுதான் இருக்கும். நம் சாதனத்திலேயே நிறுத்த வேண்டும்.

நிரலி: பார்த்தீர்களா? மூடியிருக்கும்போதே இந்த நிலை. இதில் திறக்கும் அதிகாரம் வேறு கேட்கிறார்.

தாளம்77: இந்தப் பாடமெல்லாம் எனக்கு எதற்கு? என் பாட்டையே இரைச்சல் என்று நினைத்துச் செயலி வெட்டுகிறது. அதைப் பற்றி முன்பு கேட்டபோது இதே நிரலிதான் "எல்லோரையும் ஹெட்போன் போடச் சொல்லுங்கள்" என்று நக்கலடித்தார். மறக்கவில்லை.

நிரலி: நக்கல் இல்லை. நீங்கள் அப்போது சொன்னது எதிரொலி. பாட்டு ஒவ்வொருவர் ஸ்பீக்கரிலிருந்தும் அவரவர் மைக்குக்குள் புகுந்து தாமதமாகத் திரும்பி வருகிறது. ஹெட்போன் போட்டால் அந்தச் சுற்று நின்றுவிடும்.

காலைவெயில்: ஹெட்போன் மாட்டிக்கொண்டு நீங்கள் தரைக்குப் போய் எழுந்து குதிக்கும் பர்ப்பி போடுங்கள், நாங்கள் பார்க்கிறோம்.

நிரலி: காதுக்குள் செருகும் சின்ன ஹெட்போன்கள் எத்தனையோ இருக்கின்றன. நான் போட்டுக்கொண்டுதான் குதிக்கிறேன். பேச்சை மாற்றாதீர்கள். என் மைக்கைத் திறக்க அவர் யார்?

தாளம்77: வகுப்பின் பயிற்சியாளர்! எல்லோரும் மியூட்டில் இருந்தால் நான் சுவரைப் பார்த்துக் கத்த வேண்டியதுதான். யார் மூச்சை அடக்குகிறார், யார் திணறுகிறார் என்று காதில் விழுந்தால்தானே திருத்த முடியும்?

மணிக்கட்டு: அதற்கு வீடியோவைப் பாருங்களேன்.

தாளம்77: இருபது சின்னக் கட்டங்களில் யாருடைய மூச்சு தெரியும்? நீங்கள் வகுப்பு எடுத்ததே இல்லை என்று இதிலேயே தெரிகிறது.

நிரலி: கோரிக்கை அனுப்புங்கள். விருப்பமுள்ளவர் திறப்பார்.

தாளம்77: பிளாங்கில் இருப்பவர் எந்தக் கையால் திறப்பார்? முதலிலிருந்து இதைத்தான் கேட்கிறேன்.